லயத்துக்கு மேலே நாற்பது ஏக்கர்: எதை நடுவது, யார் கையில் கொடுப்பது?

எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே நாற்பது ஏக்கர் தேயிலை மலை பதினைந்து வருடமாகக் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளையில் இருந்து பெரகலை வழியாகக் கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் சரிவில் இருக்கிறது எங்கள் தோட்டம். ஒரு காலத்தில் அந்த மலைக்கும் ஒரு நம்பர் இருந்தது. இப்போது சின்னப் பிள்ளைகள்கூட அதைக் 'காட்டு மலை' என்றுதான் சொல்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் தோட்ட நிர்வாகம் கூட்டம் வைத்தது. இனியும் அந்த நிலத்தைச் சும்மா போட முடியாது, என்ன செய்யலாம் என்று நீங்களும் சொல்லுங்கள் என்றார்கள். என் அப்பா காலத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. கேட்டுவிட்டார்கள் என்பதற்காகவே பதிலை நன்றாக யோசித்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கூட்டத்தில் பல குரல் எழுந்தாலும் யோசனைகள் நான்குதான். யூக்கலிப்டஸ் நட்டு விறகும் பலகையும் எடுப்பது நிர்வாகத்தின் விருப்பம். குடும்பத்துக்கு அரை ஏக்கர் பிரித்துக் கொடுங்கள், மரக்கறி செய்து பிழைத்துக்கொள்கிறோம் என்றார்கள் இளைஞர்கள். பழைய தேயிலையைத் திருத்தி எங்களிடமே விடுங்கள், கொழுந்தை உங்கள் பெக்டரிக்கே தருகிறோம் என்றார்கள் என் அம்மா வயதுக்காரர்கள். பாடசாலை ஆசிரியர் ஒருவர் மட்டும், மேல் பாதியையாவது பழையபடி காடாக்குவோம் என்றார். அவர் சொன்னபோது கூட்டத்தில் கொஞ்சம் சலசலப்பு. எங்கள் வயிற்றுக்கு என்ன வழி என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி அது. நான் பண்டாரவளையில் வேலை செய்தாலும் வீடு இன்னும் லயத்தில்தான். நாலு யோசனையையும் மனதில் போட்டு, பெரியவர்களிடம் கேட்டு, இரண்டு தடவை மலை ஏறிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். இதே மாதிரி நிலம் மலையகத்தில் எத்தனையோ தோட்டங்களில் கிடக்கிறது. வேறு எங்காவது இதே கேள்வி வந்தால் உதவட்டும்.

முதலில் அந்த மண்ணுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, யாரும் உரிமை நிரூபிக்க முடியாத காட்டை எல்லாம் முடிக்குரிய நிலம் ஆக்கியது. அந்த நிலம் கோப்பித் துரைமார் கைக்குப் போனது. மலை மலையாகக் காட்டை வெட்டி எரித்துக் கோப்பி வைத்தார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். கோப்பி செத்த மலைகளில் எல்லாம் பிறகு தேயிலை ஏறியது. இடையில், 1873இல், லண்டன் கியூ பூங்காவின் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டையாவது வெட்டாதீர்கள் என்று ஆலோசனை சொன்னார். ஹோட்டன் சமவெளிப் பக்கம் இன்றைக்கும் காடு நிற்பதற்கு அந்தக் கோடும் ஒரு காரணம். எங்கள் மலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. அதனால் உச்சி வரைக்கும் மொட்டை அடித்துவிட்டார்கள்.

மொட்டையடித்த மலையை இவ்வளவு காலமும் கட்டி வைத்திருந்தவை இரண்டு. ஒன்று, பழைய விதைத் தேயிலையின் ஆணிவேர். தவறணையில் (நாற்று மேடையில்) தண்டு வெட்டி வளர்க்கிற இப்போதைய செடிக்கு அப்படி ஆழமான ஆணிவேர் கிடையாது. இன்னொன்று கான். சரிவுக்குக் குறுக்கே, லேசான வாட்டத்தில், எங்கள் பாட்டன்மார் வெட்டிய மண் கான்கள் மழைத் தண்ணீரை மெதுவாக ஓடைக்குக் கொண்டுபோய் விட்டன. வருடா வருடம் கான் வாரினார்கள். மலையைக் கைவிட்ட நாளில் இருந்து கான் வாருவதும் நின்றது. மண்ணும் மானாப் புல்லும் அடைத்துக்கொண்டன. ஓட வேண்டிய தண்ணீர் நின்று மலைக்குள் இறங்குகிறது. "கான் இல்லாத மலை, ஊறின மலை" என்று எங்கள் தோட்டத்துப் பழைய கங்காணித் தாத்தா சொல்வார். நிலம் கைவிடப்பட்டால் தானாகக் காடாகிவிடும், அதுவே நல்லது என்று வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஆவதில்லை. வெயில் காலத்தில் எரிகிற புல்லும், மழைக் காலத்தில் ஊறுகிற மண்ணுமாகத்தான் ஆகிறது.

எங்கள் தோட்டத்தில் இருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரித்திருந்தார்கள். எச்சரித்தபோது அந்தச் சனங்கள் போய்க் குடியிருக்க வேறு நிலம் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளைப் பக்கமெல்லாம் மலைகள் சரிந்தன. நாடு முழுக்க அறுநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த இரவுகளை நாங்கள் பாடசாலை மண்டபத்தில் கழித்தோம். எங்கள் லயத்தில் உயிர் எதுவும் போகவில்லை. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு ஏறிப் பார்த்தால், காட்டு மலையின் நடுவில் முப்பது அடி நீளத்துக்கு நிலம் பிளந்திருந்தது. கை நுழைகிற அகலம். அந்த வெடிப்புக்கு நேர் கீழே இருப்பது எங்கள் வீட்டு இஸ்தோப்பு (முன் திண்ணை).

ஆகையால் இந்த நாற்பது ஏக்கரில் எது அதிகம் லாபம் தரும் என்று மட்டும் ஒப்பிடுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஒக்டோபர், நவம்பர் மழையில் மண் நிற்குமா, ஓகஸ்ட் வெயிலில் பீலியில் (ஊற்றுத் தண்ணீர் விழும் குழாயில்) தண்ணீர் வருமா, நட்டது பலன் தரும் வரைக்கும் குடும்பம் எதைச் சாப்பிடும் என்று ஒவ்வொன்றிடமும் கேட்டுப் பார்த்தேன். கடைசியில் இவை எல்லாவற்றையும் தாங்குகிற இன்னொரு கேள்வி இருப்பது தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, யூக்கலிப்டஸ். எங்கள் ஆட்கள் கருப்பந்தைல மரம் என்பார்கள். அதைப் பேய் மாதிரிப் பேசுவது சரியில்லை. சத்தில்லாத மண்ணிலும் எழும்பும். எட்டுப் பத்து வருடத்தில் வெட்டலாம். வெட்டின தூரில் இருந்து திரும்பத் தளிர்க்கும், அதனால் வேர் முழுதாகச் செத்துப் போகாது. பெக்டரியில் கொழுந்து காயவைக்க விறகு வேண்டும், அதை வெளியில் வாங்கினால் செலவு. இத்தனையும் உண்மை.

என்னைத் தடுப்பது பீலிதான். அறுபது குடும்பமும் குடிப்பது, குளிப்பது, துணி துவைப்பது எல்லாம் காட்டு மலை ஊற்றில் இருந்து வருகிற தண்ணீரில். நீலகிரியில் புல்வெளிச் சரிவொன்றில் இந்த இனத்து மரத்தை நட்டு ஓடையை வருடக்கணக்காக அளந்தார்கள். முதல் பத்து வருடத்தில் 16 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் குறைந்தது. வெட்டித் திரும்பத் தளிர்க்க விட்ட இரண்டாம் சுற்றில் இன்னும் கூடுதலாகக் குறைந்தது. பெரிய ஆற்றுக்கு அது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஓகஸ்டில் ஏற்கெனவே விரல் தடிமனில் விழுகிற பீலிக்குத் தாங்காது. இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. மரத்தை வெட்டினால் இறக்க வேண்டும், இறக்க லொறிப் பாதை வேண்டும். வெடித்துக் கிடக்கிற மலையின் இடுப்பில் பாதை வெட்டுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டையை இழுத்த தடத்தில் அடுத்த மழைக்கு ஓடையே உண்டாகிவிடும். அப்புறம் வேலை: நடும்போது சில கிழமை, வெட்டும்போது சில கிழமை. நடுவில் ஒன்றுமில்லை.

பைனஸ் நடலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்றடிக்கும் ஊவாவில், பிசினும் காய்ந்த ஊசியிலையும் குவிந்த காடு என்ன ஆகும் என்று ஹப்புத்தளை, எல்லப் பக்கத்துச் சரிவுகளில் தீ ஏறும்போது பார்த்திருக்கிறோம்.

மரக்கறிக்கு வருகிறேன். இதை எழுதும்போதுதான் எனக்கு மனது மிகவும் கஷ்டப்பட்டது, ஏனென்றால் இதைக் கேட்டவர்கள் என்னோடு படித்தவர்கள். கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் நின்றுவிட்டு ஊருக்கே திரும்பி வாழ ஆசைப்படுகிறவர்கள். லீக்ஸும் கரட்டும் மூன்று நான்கு மாதத்தில் காசு. நாள் சம்பளம் 1,000 ரூபாயைத் தொட 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்த சனத்துக்கு, தன் கையால் நட்டு, தானே விலை பேசி விற்கிற காசு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். லயத்துக் கோடியில் கையளவு இடத்தில் எங்கள் சனம் போடும் மரக்கறித் தோட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் இவர்களுக்கு விவசாயம் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அந்தச் சரிவு மரக்கறிக்கான சரிவு இல்லை. தேயிலை மலையில் மண்ணைத் தொடுவது எப்போதாவது முள்ளுக்குத்தி மண்ணைக் கிளறும்போதுதான். மரக்கறிக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவை மண்ணைப் புரட்ட வேண்டும். புரட்டின மண் இளகிக் கிடக்கும்போதுதான் எங்களுக்குப் பெரிய மழை வருகிறது. வெலிமடைப் பக்கத்துச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் செய்து, உமா ஓயா அள்ளிக்கொண்டு போன மண் ரந்தம்பை நீர்த்தேக்கத்தைத் தூர்த்திருக்கிறது. நுவரெலியா மரக்கறித் தோட்டங்களில் இருந்து இறங்குகிற ஓடைகளின் நிறத்தை மழை நாளில் பார்த்தால் போதும். அங்கேயாவது பல இடங்களில் படி கட்டித் தட்டையாக்கி இருக்கிறார்கள். எங்கள் மலையில் படி கட்டுவதென்றால் அந்த வெடிப்பைச் சுற்றியே மண்ணை வெட்ட வேண்டும். கட்டுவதற்குக் கல்லும் ஆள்கூலியும் யார் தருவார்கள்?

மருந்து இன்னொரு பிரச்சினை. மேலே லீக்ஸுக்கு அடிக்கிற மருந்து கீழே பீலியில்தான் வந்து விழும். அதே பீலியில்தான் பால்மாவும் கரைப்போம். பன்றியும் முள்ளம்பன்றியும் இறங்கினால் சனம் கம்பிக் கண்ணி வைக்கும். வைக்காதே என்று சொல்லி நிறுத்த முடியாது, அழிவது அவர்கள் உழைப்பு. அந்தக் கண்ணி பன்றிக்கும் சிறுத்தைக்கும் வித்தியாசம் பார்க்காது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்தது. மலைநாட்டில் அபூர்வமாகவே கண்ணில் பட்ட உயிர் அது. அந்தப் படத்தைப் பார்த்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இளைஞர்களிடம் நான் சொன்னது: அரை ஏக்கர் அங்கே வேண்டாம், கீழே லயத்துக்குப் பக்கத்தில் தட்டையாகக் கிடக்கும் பழைய மாட்டுப்பட்டி நிலத்தைக் கேட்போம். அளவு குறைவுதான். ஆனால் மழைக்கு நிற்கும்.

மூன்றாவது, தேயிலையைத் திருத்தி எங்கள் கையில் தருவது. நாட்டில் விளைகிற தேயிலையில் எழுபது சதவீதத்துக்கு மேல் இன்றைக்குச் சிறுதோட்டக்காரர்கள் தருவது. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் கிராமத்துக் குடும்பங்கள் செய்வதை, இருநூறு வருடமாக முதலில் கோப்பியும் பிறகு தேயிலையுமாகவே வாழ்ந்த நாங்கள் செய்ய மாட்டோமா? கவ்வாத்து வெட்டுவதில் இருந்து கொழுந்து தரம் பார்ப்பது வரை எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பழைய செடியில் பாதிக்கு மேல் இன்னும் உயிரோடு இருக்கிறது. புல்லுக்குள் ஆள் உயரத்துக்கு மரமாக நிற்கிறது. அதைக் கவ்வாத்து வெட்டி இறக்கி, கான் வாரி, நிழலுக்குச் சவுக்கு (எங்கள் பக்கத்தில் கிரெவிலியா மரத்தைத்தான் அப்படிச் சொல்வோம்) நட்டால், புதுத் தேயிலை வைப்பதைவிடச் செலவு எவ்வளவோ குறைவு. புதிதாக வைப்பதென்றால் பழையதைப் பிடுங்கி, மண் தேற குவாத்தமாலாப் புல்லோ மானாவோ ஒன்றரை இரண்டு வருடம் வளர்த்து, பிறகு கன்று நட்டு, கொழுந்து காண இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்லும் முறை அது. தப்பில்லை. ஆனால் இந்தச் சரிவில் ஆணிவேரைப் பிடுங்குவது நல்லதாக எனக்குத் தெரியவில்லை. பழைய செடியை வைத்துக்கொண்டு இடைவெளியை மட்டும் நிரப்புவதே சரி.

குறை எங்கே? இந்த முறையைத் தொடங்கிய தோட்டங்களில் இருக்கும் எங்கள் உறவுக்காரர்களிடம் கேட்டேன். கிலோவுக்கு இவ்வளவு என்று காசு வருகிறது, நன்றாகச் செய்கிற குடும்பத்துக்கு நாள் சம்பளத்தைவிட மிச்சமும் வருகிறது. அதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் சில இடங்களில் அதற்குப் பிறகு தோட்டத்தில் பேர் போடுவது, அதாவது நாள் வேலைக்குப் பதிவது, குறைகிறது. பேர் குறைந்தால் சேமலாப நிதி குறைகிறது. உரம், மருந்து, கவ்வாத்துச் செலவு குடும்பத்தின் தலையில். ஒப்பந்தமோ வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பது, சில இடத்தில் வாய்ப்பேச்சு மட்டும். இந்த வருடம் நீ கான் வெட்டி, சவுக்கு நட்டு மலையைத் தேற்றுவாய், அடுத்த வருடம் அது யாருக்கு என்று தெரியாது. அப்படி இருந்தால் யார் கான் வெட்டுவார்கள்? கிடைக்கிற கொழுந்தை ஒட்ட எடுத்துவிட்டுப் போவார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொரு பயமும் உண்டு. 2021இல் இரசாயன உரம் நிறுத்தப்பட்ட பிறகு, நாட்டின் தேயிலை அடுத்த வருடம் ஏறத்தாழ 30 கோடி கிலோவில் இருந்து 25 கோடிக்கு இறங்கியது. ஒரே பயிரை நம்பிய வீடுகளில் அதே நேரம் கேஸும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, விலைவாசியோ வானத்தில். அதனால் தேயிலை வரிசைக்கு நடுவிலும் ஓரத்திலும் கோப்பி, ஆனைக்கொய்யா என்று இரண்டாவது வருமானம் இருக்க வேண்டும். எங்கள் உயரத்துக்கு அரபிக்காக் கோப்பி நன்றாக வரும், நிழலும் பிடிக்கும்.

கடைசியாகக் காடு. ஆசிரியர் சொன்னதும் சலசலத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். இப்போது நாலில் இதைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

சிவனொளிபாத மலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் சேர்ந்த மத்திய மலைநாட்டை 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கியது. மகாவலி, களனி, வளவை எல்லாவற்றுக்கும் தாய்மடி அந்த உயரங்கள். எங்கள் நாற்பது ஏக்கர் அந்தப் பட்டியலில் வராது. ஆனால் பெரிய காடுகளுக்கு நடுவே தேயிலைக் கடலில் இப்படி ஓடைக்கரையும் உச்சித் துண்டும் பச்சையாக இருந்தால்தான் மிருகமும் பறவையும் விதையும் ஒன்றில் இருந்து ஒன்றுக்குப் போகும். சிறுத்தைகள் தேயிலை மலைகளில் நடமாடுவது இந்தத் துண்டுக் காடுகளை நம்பித்தான்.

எங்களுக்கு அதைவிட அவசரமானது ஊற்று. ஊற்றுக்கு மேலே பலவித மரம், அதன் கீழே செடி, அதன் கீழே மக்கின இலை என்று அடுக்கடுக்காக இருந்தால் மழை அடித்து ஓடாமல் மெதுவாக இறங்கும். வேரும் ஒரே ஆழத்தில் இல்லாமல் பல ஆழத்தில் பிடிக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது குறைவு. பக்கத்து டிவிசனில் ஓடைக் கரையில் தப்பிப் பிழைத்த ஒரு சின்னக் காட்டுத் துண்டு இருக்கிறது. அதன் கீழ் இருக்கும் பீலி எந்த வெயிலிலும் நின்றதில்லை. எங்கள் பீலி நிற்கும் காலத்தில் நாங்கள் குடத்தோடு போவது அங்கேதான்.

காட்டை உண்டாக்குவது கன்று நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போகிற வேலை இல்லை. மானாப் புல்லுக்கு நடுவில் சின்னக் கன்று மூச்சு முட்டிச் சாகும். முதல் நாலைந்து வருடம் சுற்றிப் புல் வெட்ட வேண்டும். ஜூன் மாதமே எல்லையில் தீத்தடுப்புப் பாதை செதுக்க வேண்டும். வெயில் தாங்குகிற மரம் முதலில், நிழல் தேடுகிற மரம் பிறகு. வட்டக்கண்ணி போன்றவை எழும்பி நிழல் தந்தால், காட்டுச் சண்பகமும் நாவல் இனத்து மரங்களும் அதற்குள் வரும். ஏற்கெனவே நிற்கிற சவுக்கை வெட்டிச் சாய்க்கக் கூடாது, அதுவே செவிலித் தாய். சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் பேராசிரியர்கள் நிமால் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் பைனஸ் தோப்புக்குள் இதைச் செய்து காட்டினார்கள். பைனஸ் வரிசைகளை எடுத்து வெளிச்சம் விட்ட இடைவெளியில் உள்நாட்டு மரக்கன்றுகள், மூடின நிழலில் நட்டதைவிட நன்றாக எழும்பின. அது தாழ்நாட்டு ஈரக்காடு, மர இனங்கள் வேறு. ஆனால் நிற்கிற மரத்தை நிழலாக வைத்துக்கொண்டு காட்டைத் திரும்ப அழைக்கலாம் என்கிற வழி இங்கேயும் பொருந்தும்.

காட்டுக்குள் ஏலக்காய் வைத்தால் வருமானமும் வருமே என்று நிர்வாகத்தில் ஒருவர் சொன்னார். நக்கிள்ஸில் அது நடந்தது. ஏலக்காய்க்காகக் கீழ்ச் செடிகளைச் சுத்தம் செய்து செய்து, மேலே பெரிய மரம் நின்றாலும் அடுத்த தலைமுறைக் கன்று இல்லாத காடாகப் பல இடம் ஆகிப்போனது. 2000இல் பாதுகாப்பு வனம் ஆக்கினார்கள். அதனால் ஊற்றுக்கு மேலே எந்தப் பயிரும் வேண்டாம் என்பது என் முடிவு. தேன் பெட்டி வைக்கலாம்.

அந்த அக்கா கேட்டது இங்கே திரும்பி வருகிறது: வயிற்றுக்கு என்ன வழி? காடு எங்களுக்குச் சோறு போட நாளாகும். அதனால் காட்டைப் பார்ப்பதையே வேலையாக்க வேண்டும். தவறணையில் கன்று வளர்ப்பது, புல் வெட்டுவது, தீப்பாதை செதுக்குவது எல்லாவற்றுக்கும் தோட்டத்தில் பேர் போட வேண்டும். கொழுந்துக்குப் போடுகிற அதே பேர், அதே சேமலாப நிதி. உலகச் சந்தைக்குத் தேயிலை அனுப்ப ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரை வாங்குகிற தோட்டங்கள் ஓடைக்கரையில் மரம் விடுகிறோம் என்று காட்ட வேண்டியிருக்கிறது. காட்டால் கம்பனிக்கும் பயன் உண்டு என்பதால், அந்தச் சம்பளத்தைத் தருமம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நான்கு யோசனையிலும் விடுபட்டது விறகு. கூட்டத்தில் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதனாலும் இருக்கலாம். பத்து வயதில் இருந்து அம்மாவோடு அந்த மலைக்கு விறகுக்குப் போனவள் நான். இன்றைக்கும் பாதி வீட்டில் அடுப்பு விறகில்தான். மலை முழுவதையும் காடாக்கி வேலி போட்டால், விறகுக்குப் போகிற பெண் அதே கன்றைத்தான் வெட்ட வேண்டி வரும், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு மைல் நடக்க வேண்டும். ஆகவே ரோட்டு ஓரத்தில், தட்டையான பக்கத்தில், ஐந்து ஏக்கர் சவுக்கும் அல்பீசியாவும் வீட்டு விறகுக்கென்றே நட வேண்டும். நிர்வாகத்தின் யூக்கலிப்டஸில் கொஞ்சத்தை அங்கே நடட்டும், அது ஊற்றுக்குக் கீழே, லொறியும் வந்து போகிற இடம். அதை நான் எதிர்க்க மாட்டேன்.

உல்லாசப் பயணிகளுக்குக் கூடாரம் போடலாம் என்கிற ஐந்தாவது பேச்சும் வெளியில் அடிபடுகிறது. கண்டியில் இருந்து நுவரெலியா வரை 22 கட்டமாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீகோ நடைபாதை ஹப்புத்தளைப் பக்கமும் வருகிறது. எங்கள் பிள்ளைகள் வழிகாட்டியாகப் போகட்டும், ரொட்டியும் தேத்தண்ணியும் விற்கட்டும். வெடித்த மலையில் கட்டடம் மட்டும் வேண்டாம். தண்ணீருக்கு நாங்களே குடத்தோடு நிற்கிறோம்.

ஆக, ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் என்னால் முடியாது. அந்த மலை முழுக்க ஒரே மாதிரி இல்லை. மேலே பதினைந்து ஏக்கர், அதாவது உச்சி, வெடிப்பைச் சுற்றிய இடம், ஊற்றுக்கு மேல் பகுதி, ஓடையின் இரண்டு கரை, இவ்வளவும் காட்டுக்கு. கீழ்ப் பாதியில் சரிவு தணிகிற பதினெட்டு ஏக்கர், தேயிலையோடு கோப்பியும் பழமரமுமாகக் குடும்பங்களுக்கு. ரோட்டு ஓரம் ஐந்து விறகுக்கு. மிச்சம் கானுக்கும் பாதைக்கும் தீத்தடுப்புக்கும் போய்விடும். மரக்கறி இந்த நாற்பதில் இல்லை.

முன்பு சொல்லாமல் விட்ட கேள்வி இதுதான்: காகிதம் யார் பெயரில்? நிலம் அரசாங்கத்துடையது. 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தில் அரசாங்கம் எடுத்தது. 1990களில் கம்பனிகளுக்கு 53 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. இந்த இரண்டு கைமாற்றத்திலும் மலையில் நின்று உழைத்தவர்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை. வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் துண்டு நிலம் வாங்குவதற்கே தலைமுறைகள் போயின. குடியிருக்கிற லயத்துக்கே உறுதிப் பத்திரம் இல்லாத ஒருத்தியிடம், முப்பது வருடம் கழித்து நிழல் தரப்போகிற மரத்தைக் காப்பாற்று என்று சொல்வதில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சரி, அவள் காப்பாற்றினாள் என்றே வைத்துக்கொள்வோம். காடு நன்றாக வந்த பிறகு ஒரு திணைக்களம் வந்து எல்லைக் கல் நட்டு, உள்ளே போகாதே என்று சொன்னால்? எங்கள் பெரியவர்கள் காட்டுக்குப் பயப்படுவது சிறுத்தையால் இல்லை, இதனால்தான்.

அதனால் நிர்வாகத்திடம் நாங்கள் எழுத்தில் கேட்கப் போவது: கீழ்ப் பதினெட்டு ஏக்கருக்கு, கம்பனியின் குத்தகை முடியும் வரைக்குமான ஒப்பந்தம், வருட வருடம் புதுப்பிப்பது இல்லை. கொழுந்து எடுப்பவள் பெண், அதனால் பெயரும் அவள் பெயரில் அல்லது இருவர் பெயரிலும். பிள்ளைக்கு மாற்றும் உரிமையோடு. காட்டில் ஊற்றுக்குப் போகும் வழியும், விழுந்த விறகும், தேனும் எங்களுக்கு என்று பிரதேச செயலகத்தில் பதிந்து தர வேண்டும். தோட்டத்தில் பேர் குறையக் கூடாது. இவை எதற்கும் முன்னால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலகத்தில் இருந்து ஆள் வந்து அந்த வெடிப்பைப் பார்க்க வேண்டும். லயமே இடம் மாற வேண்டும் என்று அவர்கள் சொன்னால், நாற்பது ஏக்கர்ப் பேச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நிலம் எங்கே என்ற பேச்சைத்தான் எடுக்க வேண்டும்.

எழுத்தில் தர மறுத்தால்? அப்போதும் மேல் பதினைந்து ஏக்கரில் கான் வாருவதற்கும் கன்று நடுவதற்கும் நாங்கள் இறங்குவோம், அது எங்கள் தலைக்கு மேலே இருக்கிற மண். கீழே தேயிலையை மட்டும் வாய்ப்பேச்சுக்கு ஏற்க மாட்டோம் என்று அம்மாமார் சொல்லிவிட்டார்கள்.

கூட்டம் அடுத்த போயா (பௌர்ணமி) நாளுக்குப் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த மலையில் கான் எங்கே எங்கே ஓடியது என்று தெரிந்தவர்கள் தோட்டத்தில் நான்கே பேர், எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. கங்காணித் தாத்தாவைப் பொடியன்மார் தூக்கிக்கொண்டாவது ஏறுகிறோம் என்றார்கள். மூங்கில் குச்சியும் சிவப்புத் துணியும் கோவிலடியில் சேர்த்து வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்கு முன், ஒவ்வொரு கானாகத் தேடிக் குச்சி நடத் தொடங்குவோம்.